வால்ட்டர் டென்னிசன் சுவிங்கிள்

வால்ட்டர் டென்னிசன் சுவிங்கிள் (சனவரி 8, 1871 – சனவரி 19, 1952) அமெரிக்காவைச் சேர்ந்த வேளாண் தாவரவியலாளர் ஆவார். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, பம்பளிமாசு முதலியவை அடங்கிய சிட்ரசுப் பேரினத்தின் கலப்பினப் பெருக்கத்துக்கும் வகைப்பாட்டுக்கும் அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர். குளிரைத் தாங்கும் ஆரஞ்சு ஒன்றை உருவாக்கும் நோக்கில் இவர் செய்த கலப்புகள் உண்ணத்தக்க நல்ல பழத்தைத் தரவில்லை. ஆயினும் அக்கலப்புகளில் பிறந்த செடிகளே பல பத்தாண்டுகள் கழித்து உலகின் ஆரஞ்சுத் தோட்டங்களைக் கொள்ளைநோய்களிலிருந்து காக்கும் வேர்ச்செடிகள் ஆயின. சிட்ரசில் நோயெதிர்ப்பு மரபணுக்களின் இருப்பிடத்தைக் கண்டறியும் ஆய்வுகளுக்கும் இதே கலப்புவழி பயன்பட்டது.

இளமையும் கல்வியும்

சுவிங்கிள் பென்சில்வேனியா மாநிலத்தின் கானான் என்னும் ஊரில் பிறந்தார். இவர் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கேன்சசு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, மன்காட்டன் நகருக்கு அருகில் பண்ணை வைத்துக்கொண்டது. தொடக்கக் கல்வியைப் பெரும்பாலும் வீட்டிலேயே பெற்றார். பின்னர் கேன்சசு மாநில வேளாண் கல்லூரியில் சேர்ந்து 1890-ல், 19ஆம் அகவையில், பட்டம் பெற்றார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்த வில்லியம் கெல்லர்மன் இவரை மாணவராக இருந்தபோதே ஆய்வுத் துணைவராகச் சேர்த்துக்கொண்டார். கோதுமையின் கரிப்பூட்டை நோய் பற்றியும் மக்காச்சோளத்தில் அயல் மகரந்தச் சேர்க்கை பற்றியும் இருவரும் ஆய்வுகள் நடத்தினர். பயிர்நோய், கலப்பினப் பெருக்கம் ஆகிய இரண்டும் சுவிங்கிளின் பிற்கால வாழ்க்கையில் பிரியாமல் இருந்தன. அவற்றின் தொடக்கம் இங்கேதான்.

1891-ல் அமெரிக்க வேளாண் துறையில் பணியில் சேர்ந்தார். பிற்பாடு செருமனியின் பான் நகரில் எடுவார்டு இசுட்ராசுபர்கரிடமும், அதன்பின் லைப்சிக்கிலும் உயிரணுவியல் பயின்றார்.

புளோரிடாவில்

அக்காலத்தில் புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் காரணம் தெரியாத பல நோய்கள் பரவியிருந்தன. அவற்றை ஆராய்வதற்காக வேளாண் துறை யூசுட்டிசு என்னும் சிற்றூரில் ஓர் ஆய்வுக்கூடத்தை 1892-ல் நிறுவியது. சுவிங்கிளும் அவருடைய உடன்பணியாளர் எர்பர்ட்டு யான் வெப்பரும் அங்கே பணியாற்றினர். புளோரிடாவின் முதன்மையான சிட்ரசு நோய்கள் பற்றி இருவரும் எழுதிய அறிக்கை 1896-ல் வெளிவந்தது. அடியழுகல், பொருக்கு நோய், கரும்பூசணம், மெலனோசு ஆகியவற்றோடு, நன்றாகக் காய்க்கும் மரம் திடீரென வாடிப் பயனற்றுப்போகும் பிளைட்டு என்ற நோயையும் அவ்வறிக்கை விவரித்தது. இந்த பிளைட்டு இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வருகிறது. அதே 1896-ல் பூசணக்கொல்லியான போர்டோ கலவையின் வேதியியல் பற்றிய இவருடைய தனி அறிக்கையும் வெளியானது.

நோயை மருந்தடித்துக் கட்டுப்படுத்துவதோடு நில்லாமல், புதிய வகைகளை உருவாக்கும் பணியையும் இருவரும் 1893-ல் தொடங்கினர். அமெரிக்க வேளாண் துறையின் சிட்ரசுக் கலப்பினத் திட்டம் அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடப்படுகிறது. அந்த முதல் நாற்றுகள் நிலைக்கவில்லை.

1894-95 உறைபனி

1894 டிசம்பர் இறுதியில் புளோரிடாவில் கடும் உறைபனி விழுந்தது. பழங்கள் கெட்டன, இலைகள் உதிர்ந்தன, ஆனால் பெரும்பாலான மரங்கள் சாகவில்லை. சனவரியில் வெயில் திரும்பியதும் மரங்கள் சாறேறித் துளிர்த்தன. அந்த நிலையில் 1895 பெப்ரவரி முதல் வாரத்தில் இரண்டாவது உறைபனி வந்தது. முதல் பனியைவிட இது பன்மடங்கு கேடு செய்தது. சாறு நிறைந்திருந்த மரப்பட்டைகள் பிளந்தன, மரங்கள் நிலமட்டம் வரை மடிந்தன. ஏறத்தாழ 50 இலட்சம் பெட்டிகளை எட்டியிருந்த மாநிலத்தின் விளைச்சல் அடுத்த பருவத்தில் அதன் மிகச்சிறு பங்காகச் சுருங்கியது. பல குடும்பங்கள் தோட்டங்களைக் கைவிட்டு வெளியேறின. யூசுட்டிசில் வளர்ந்த கலப்பின நாற்றுகளும் இந்தப் பனியிலேயே அழிந்தன.

குளிர்தாங்கும் தன்மை என்பது அதன்பின் சுவிங்கிளின் முதன்மை நோக்கமாயிற்று.

மூவிலை ஆரஞ்சு

சீனத்தைத் தாயகமாகக் கொண்ட மூவிலை ஆரஞ்சு (போன்சிரசு டிரைபோலியேட்டா) குளிர்காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு உறைபனியைத் தாங்கி நிற்கும் முட்செடி. வில்வத்தைப் போலவே இதன் ஒவ்வோர் இலையும் மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். பழம் சிறியது. தோலில் மென்மயிர் இருக்கும். உள்ளே பிசினும் கசப்பும் மிகுதி. வேலிக்கும் அழகுக்கும் வளர்க்கப்பட்ட இச்செடியின் உறுதியை இனிப்பு ஆரஞ்சின் சுவையோடு இணைத்தால் வடக்கே உள்ள மாநிலங்களிலும் ஆரஞ்சு விளைவிக்கலாம் என்று சுவிங்கிளும் வெப்பரும் எண்ணினர். 1897-ல் அக்கலப்புகள் செய்யப்பட்டன. பிறந்த கலப்பினங்களுக்குச் சிட்ரேஞ்சு என்று பெயரிட்டனர். ரசுக்கு, வில்லிட்சு, மார்ட்டன், கோல்மன் என்று தனி வகைகளுக்கு வேளாண் துறையின் தலைவர்கள், உயர் அலுவலர்களின் பெயர்கள் வைக்கப்பட்டன.

சிட்ரேஞ்சுகள் குளிரைத் தாங்கின. ஆனால் தந்தைச் செடியின் கசப்பும் பிசினும் பழத்தில் இறங்கியிருந்தன. சருக்கரை சேர்த்துப் பானமாக்கலாம், பழப்பாகு செய்யலாம் என்று பரிந்துரைக்கப்பட்டபோதும் ஆரஞ்சின் இடத்தை அவை பிடிக்கவில்லை. சுவிங்கிள் முயற்சியைக் கைவிடவில்லை. 1907-ல் யூசுட்டிசில் டங்கன் என்னும் கிரேப்புரூட் வகையை மூவிலை ஆரஞ்சுடன் கலந்தார். இவ்வகைக் கலப்பினம் சிட்ரமெலோ எனப்பட்டது. 1909-ல் இவருடைய வழிகாட்டலில் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் வாசிங்டன் நேவல் ஆரஞ்சு மூவிலை ஆரஞ்சுடன் கலக்கப்பட்டது. அதிலிருந்தே பிற்காலத்தில் திராயர், கரிசோ எனப் பெயர்பெற்ற சிட்ரேஞ்சுகள் வந்தன. பழம் என்ற அளவில் இவையும் தோல்வியே.

மூவிலை ஆரஞ்சு கலவாத கலப்புகளில் வெற்றி கிட்டியது. கிரேப்புரூட்டையும் டேஞ்சரின் எனப்படும் கமலா ஆரஞ்சு வகையையும் கலந்து பெற்ற டேஞ்செலோக்கள் சந்தையில் இடம்பிடித்தன. 1911-ல் இவர் செய்த கலப்பிலிருந்து வந்த ஆர்லாண்டோ டேஞ்செலோ அவற்றுள் ஒன்று.

ஒரு தடையும் ஓர் அடையாளமும்

சிட்ரசில் கலப்பினம் உண்டாக்குவது ஏன் கடினம் என்பதை இங்கே விளக்குவது தேவை. பல சிட்ரசு வகைகளின் ஒரே விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருக்கும். அவற்றுள் ஒன்றே மகரந்தச் சேர்க்கையால் உண்டாவது. மற்றவை தாய்மரத்தின் சூல்திசுவிலிருந்து நேரடியாக முளைத்தவை. இவை தாயின் அப்பட்டமான படிகள். தந்தையின் பங்கு இவற்றில் சிறிதும் இல்லை. பெரும்பாலும் இப்படிகளே வீரியமாக வளர்ந்து கலப்பினக் கருவை நெருக்கிவிடும். எனவே அரும்பாடுபட்டு மகரந்தம் தூவி, விதையெடுத்து, நாற்று வளர்த்த பின்பும் கையில் இருப்பது கலப்பினமா தாயின் படியா என்ற ஐயம் நீங்குவதில்லை. காய்க்கும்வரை காத்திருப்பதென்றால் பல ஆண்டுகள் ஆகும்.

மூவிலை ஆரஞ்சைத் தந்தையாகக் கொண்டால் இந்த ஐயம் எழுவதில்லை. மூன்று சிற்றிலைத் தன்மை ஓங்கு பண்பு. நாற்றில் மூவிலை தோன்றினால் அது கலப்பினம், ஒற்றை இலை மட்டும் இருந்தால் தாயின் படி. கண்ணுக்குத் தெரியும் இலையை வைத்துக் கண்ணுக்குத் தெரியாத மரபுச் சேர்க்கையை அறியும் இம்முறை, நூறாண்டுக்குப் பின் டி.என்.ஏ. மரபுக்குறிகள் செய்யும் வேலையின் எளிய முன்வடிவம் எனலாம்.

சூல்திசுக் கருக்களால் ஒரு நன்மையும் உண்டு. ஒரு கலப்பினம் இத்தகைய கருக்களை மிகுதியாக உண்டாக்குமானால், அதன் விதையிலிருந்து ஒரே சீரான ஆயிரக்கணக்கான நாற்றுகளைப் பெறலாம். ஒட்டுக்கட்டுவதற்கு வேண்டிய வேர்ச்செடிக்கு இதைவிடச் சிறந்த தகுதி இல்லை. திராயர், கரிசோ, 1907ஆம் ஆண்டுச் சிட்ரமெலோ ஆகிய மூன்றும் இத்தகுதி உடையவை.

நோயெதிர்ப்பும் தொற்றொதுக்கமும்

நோயெதிர்ப்பு பற்றிய அக்கறையும் சுவிங்கிளின் கலப்புகளில் இருந்தது. சிறுகாய் எலுமிச்சையைத் தாக்கும் நுனிக்கருகல் நோய் புளோரிடாவில் கடுமையாக இருந்தது. 1909-ல் அதனைக் கும்குவாட்டுடன் கலந்து லைம்குவாட்டுகளையும், செனோவா லெமனுடன் கலந்து பெர்ரைன் லெமனையும் உருவாக்கினார். பெர்ரைன் நுனிக்கருகலையும் பொருக்கு நோயையும் எதிர்த்தது. ஆனால் பட்டையைத் தாக்கும் நோய்களுக்கு எளிதில் இரையாயிற்று. ஒரு நோயை எதிர்க்கும் செடி மற்றொன்றுக்கும் அரணாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதைவிடக் கசப்பான பாடம் சொறிநோயால் வந்தது. 1910களின் தொடக்கத்தில் பாக்டீரியாவால் உண்டாகும் சிட்ரசுச் சொறிநோய் புளோரிடாவுக்குள் நுழைந்தது. அதைச் சுமந்துவந்தவை சப்பானிலிருந்து இறக்குமதியான மூவிலை ஆரஞ்சு நாற்றுகள். சுவிங்கிள் எந்தச் செடியில் நம்பிக்கை வைத்திருந்தாரோ அதே இனம் இந்நோய்க்கு எளிதில் ஆட்படுவதாக இருந்தது. பாதித்த தோட்டங்களும் நாற்றங்கால்களும் தீயிட்டு அழிக்கப்பட்டன. வெளிநாட்டுச் செடிகளைத் தனிமைப்படுத்திப் பரிசோதித்தபின்பே வெளியே விடும் தொற்றொதுக்க முறைகளில் சுவிங்கிள் அதன்பின் மிகுந்த கவனம் செலுத்தினார். சிட்ரசுச் செடிகளைப் பாதுகாப்பாகக் கொண்டுவரும் வழிமுறை பற்றி உடன்பணியாளர்களோடு 1924-ல் ஒரு வெளியீட்டையும் கொண்டுவந்தார்.

இந்த எச்சரிக்கை பேரீச்சையில் பயன்பட்டது. 1927-ல் பாயூது என்னும் பூசண நோய் மொரோக்கோவின் பேரீச்சந் தோப்புகளை அழித்துக்கொண்டிருந்தது. அதை ஆராயச் சென்ற சுவிங்கிள், பூதெனிப் பாலைச்சோலையிலிருந்து மெட்சூல் வகையின் 11 பக்கக்கன்றுகளைப் பெற்றுவந்தார். அவை நேரே கலிபோர்னியாவுக்குக் கொண்டுசெல்லப்படவில்லை. பேரீச்சை வளராத நெவாடாவின் ஒதுக்கமான ஓரிடத்தில் பல ஆண்டுகள் வைத்துக் காக்கப்பட்டன. பிழைத்த 9 கன்றுகளிலிருந்தே அமெரிக்காவின் மெட்சூல் தோப்புகள் பெருகின.

பிற பணிகள்

கலிபோர்னியாவில் நடப்பட்டிருந்த சிமிர்னா அத்திமரங்கள் காய்பிடிக்காமல் உதிர்ந்தன. அத்திப்பூவுக்குள் மகரந்தத்தைக் கொண்டுசெல்லும் சிறுகுளவி அங்கே இல்லாததே காரணம். 1899-ல் சுவிங்கிள் அல்சீரியாவிலிருந்து அனுப்பிய காட்டத்திக் காய்களுக்குள் இருந்த குளவிகள் பிரெசுனோவில் நிலைபெற்றன, அத்தி காய்த்தது. பேரீச்சையில் மகரந்தம் தரும் ஆண்மரம் பழத்தின் அளவையும் பழுக்கும் காலத்தையும் பாதிப்பதைக் குறிக்க மெட்டாசீனியா என்னும் சொல்லை 1928-ல் இவரே உருவாக்கினார்.

சிட்ரசின் தாயகம் ஆசியா என்பதால் சீன வேளாண் நூல்களில் இவருக்கு ஆர்வம் பிறந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஏறத்தாழ ஒரு இலட்சம் சீன நூற்தொகுதிகளைப் பெற இவர் காரணமாக இருந்தார். அவற்றுள் மாவட்ட வரலாற்று நூல்கள் மிகுதி. தாவரவியலாளர் ஒருவர் சீனவியல் ஆய்வாளர்களுக்கு இவ்வளவு பெரிய செல்வத்தைச் சேர்த்துவைத்தது அரிதான நிகழ்வு.

இவருடைய முதல் மனைவி 1910-ல் இறந்தார். 1915-ல் தம் ஆசிரியரான கெல்லர்மனின் மகளும் தாவரவியலாளருமான மோடு கெல்லர்மனை மணந்தார். ஆப்பிரிக்கச் செடிகளான சிட்ராப்சிசு பேரினத்தை 1914-ல் இருவரும் சேர்ந்தே விவரித்திருந்தனர். இவர்களுக்கு நான்கு குழந்தைகள்.

வகைப்பாடு

கும்குவாட்டுகளுக்கான பார்ச்சுனெல்லா, ஆத்திரேலியக் காட்டெலுமிச்சைகளுக்கான எரிமோசிட்ரசு, மைக்ரோசிட்ரசு ஆகிய பேரினங்களைச் சுவிங்கிள் நிறுவினார். 1943-ல் வெளியான சிட்ரசுத் தொழில் பற்றிய பெருநூலின் முதல் தொகுதியில் ஆரஞ்சுத் துணைக்குடும்பம் முழுவதையும் 33 பேரினங்களாகவும் 203 இனங்களாகவும் வகுத்தார். நம் நாட்டு வில்வமும் விளாவும் இத்துணைக்குடும்பத்தில் அடங்குபவை. காட்டு உறவினங்களை இவ்வளவு விரிவாகத் தொகுத்ததற்கு வகைப்பாட்டு ஆர்வம் மட்டும் காரணமன்று. நோயையும் குளிரையும் வறட்சியையும் தாங்கும் பண்புகள் அவற்றில் கிடைக்கும் என்பது இவர் கருத்து.

சிட்ரசுப் பேரினத்தில் சுவிங்கிள் 16 இனங்களை மட்டும் ஏற்றார். சப்பானியரான தனாக்கா தியோசாபுரோ 162 இனங்கள் வரை பிரித்தார். இவ்விருவரின் முறைகளும் நெடுங்காலம் எதிரெதிராகப் பயன்பட்டன. 1970களில் தொடங்கிய ஆய்வுகள் இருவரையுமே திருத்தின. இனிப்பு ஆரஞ்சு, லெமன், கிரேப்புரூட் ஆகியவை தனி இனங்கள் அல்ல, பழங்காலக் கலப்பினங்களே என்று தெரியவந்தது. இனங்களைக் கலந்து வாழ்நாள் முழுதும் புதுச்செடிகள் படைத்த சுவிங்கிள், ஆரஞ்சே ஒரு கலப்பினம் என்பதைத் தம் வகைப்பாட்டில் காட்டாமல் விட்டது வியப்புக்குரியது. 2018-ல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு, கும்குவாட்டும் ஆத்திரேலிய இனங்களும் சிட்ரசுக்குள்ளேயே அடங்கும் என்று காட்டியது.

திரிசுதேசா

உலகின் பெரும்பாலான ஆரஞ்சு மரங்கள் அக்காலத்தில் புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடிமீது ஒட்டுக்கட்டப்பட்டிருந்தன. அடியழுகலைத் தாங்குவதால் அது விரும்பப்பட்டது. 1930களில் அர்செந்தீனாவிலும் பிரேசிலிலும் இவ்வாறு ஒட்டிய மரங்கள் கூட்டங்கூட்டமாக மடியத் தொடங்கின. துயரம் என்று பொருள்படும் திரிசுதேசா என்னும் பெயர் அந்நோய்க்கு அமைந்தது. பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்தில் மட்டும் இலட்சக்கணக்கான மரங்கள் அழிந்தன. 1939 முதல் கலிபோர்னியாவிலும் மரங்கள் விரைந்து வாடின. அசுவினிகள் இதனைப் பரப்புகின்றன என்பது 1946-ல் நிறுவப்பட்டது. காரணம் ஒரு தீநுண்மி. ஒட்டுப்பகுதிக்குக் கீழே புளிப்பு ஆரஞ்சின் உணவுக்குழாய்த் திசு மடிவதால் வேர்கள் பட்டினியால் சாகின்றன.

புளிப்பு ஆரஞ்சுக்கு மாற்று வேண்டியிருந்தது. மூவிலை ஆரஞ்சு இத்தீநுண்மியின் பெரும்பாலான வகைகளைத் தன்னுள் பெருகவே விடுவதில்லை. அதன் கலப்பினங்கள் பலவற்றின்மீது ஒட்டிய மரங்கள் தொற்று இருந்தும் வாடவில்லை. திராயர் 1934-லும் கரிசோ 1938-லும் பெயரிடப்பட்டிருந்தன. கலிபோர்னியாவிலும் பின்னர் இசுப்பெயினிலும் தோட்டங்கள் இவற்றின்மீது மீண்டும் எழுந்தன. கசப்பு இங்கே ஒரு குறையே அன்று, ஏனெனில் வேர்ச்செடி காய்க்க விடப்படுவதில்லை.

கரிசோவுக்கும் குறை இருந்தது. 1896-ல் சுவிங்கிள் விவரித்த அதே பிளைட்டு நோய் புளோரிடாவில் கரிசோமீது ஒட்டிய மரங்களைத் தாக்கியது. 1907ஆம் ஆண்டுச் சிட்ரமெலோ அதனை நன்கு தாங்கியது. அடியழுகலையும் வேரைத் தாக்கும் சிட்ரசு நூற்புழுவையும் திரிசுதேசாவையும்கூட அது எதிர்த்தது. வேளாண் துறை அதனைச் சுவிங்கிள் சிட்ரமெலோ என்ற பெயரில் 1974-ல் வெளியிட்டது. கலப்பு செய்து 67 ஆண்டுகளும் சுவிங்கிள் இறந்து 22 ஆண்டுகளும் கடந்திருந்தன. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் கனத்த களிமண்ணிலும் அது நன்கு வளர்வதில்லை எனினும் 1990களில் புளோரிடாவின் முதன்மை வேர்ச்செடி அதுவே.

மரபு வரைபடத்தில்

ஒரு மரபணுவும் அருகிலுள்ள மரபுக்குறியும் சந்ததியில் எவ்வளவு அடிக்கடி ஒன்றாகச் செல்கின்றன என்று எண்ணி, நிறப்புரியில் அவற்றின் இடைவெளியைக் கணிப்பதே மரபு வரைபடம். இதற்குப் பெற்றோர் இருவரும் பண்பிலும் டி.என்.ஏ.விலும் நன்கு வேறுபட வேண்டும். மூவிலை ஆரஞ்சும் சிட்ரசும் கலந்த செடிகளின் சந்ததி இதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. அவ்வகைச் சந்ததிகளில் நடந்த ஆய்வுகள், திரிசுதேசா எதிர்ப்பு மூவிலை ஆரஞ்சின் ஒரே ஓங்கு மரபணுவால் வருவதைக் காட்டின. அதற்குச் சி.டி.வி. மரபிடம் என்று பெயர். 1996-லும் 1998-லும் அதைச் சுற்றிய பகுதியின் வரைபடங்கள் வெளிவந்தன. 2003-ல் அப்பகுதியின் 2,82,000 இணைகள் கொண்ட டி.என்.ஏ. வரிசை வெளியிடப்பட்டது. சிட்ரசு நூற்புழு எதிர்ப்புக்கான முதன்மை மரபிடத்தை 2000-ல் கண்டறிந்த ஆய்வு, சுவிங்கிள் சிட்ரமெலோவை ஒரு பெற்றோராகக் கொண்ட கலப்பினக் குடும்பத்தில் நடத்தப்பட்டது.

வேர்ச்செடியின் எதிர்ப்பு மேலே ஒட்டிய கிளைக்கு ஏறுவதில்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். கிளையில் தீநுண்மி இருந்துகொண்டேயிருக்கும். அதனால்தான் அந்த மரபணுவை உண்ணத்தக்க பழமரத்துக்குள் கசப்பின்றிக் கொண்டுவர மரபுக்குறிகள் தேவைப்பட்டன. சுவிங்கிள் 1897-ல் தேடியதும் ஏறத்தாழ இதையே. 2005-ல் புளோரிடாவில் கண்டறியப்பட்ட பச்சையாதல் நோய் அம்மாநிலத்தின் ஆரஞ்சுத் தொழிலைப் பெரிதும் சுருக்கிவிட்டது. அந்நோயைப் பொறுக்கும் மரபிடங்களையும் ஆய்வாளர்கள் மூவிலை ஆரஞ்சின் கலப்பினங்களிலேயே தேடுகின்றனர்.

ஓய்வும் மறைவும்

1941-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற சுவிங்கிள் மயாமிப் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டலத் தாவரவியல் அறிவுரைஞராக இருந்தார். 1952 சனவரி 19-ல் வாசிங்டன் நகரில் காலமானார். பிலிப்பீன்சில் வளரும் சுவிங்கிலியா என்னும் முட்செடிப் பேரினத்துக்குத் தாவரவியலாளர் எல்மர் மெரில் இவர் பெயரைச் சூட்டினார். அதுவும் வில்வத்தின் நெருங்கிய உறவினமே. இவருடைய குறிப்பேடுகளும் கடிதங்களும் மயாமிப் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.